மிரண்ட குதிரையும் மென்மையின் கல்வியும்

தமிழக முஸ்லிம்களில் பெரும் பகுதியினர் தம் பெயரோடு ‘இராவுத்தர்’ என்னும் பட்டத்தைச் சேர்த்து எழுதுகின்றனர். குதிரைவீரர் என்பது அச்சொல்லுக்கு அகராதி தரும் பொருள். இன்று அந்த வீடுகளில் குதிரை இல்லை; லாயம் இல்லை; கொள்ளு ஊறவைக்கும் தொட்டியும் இல்லை. கடற்கரை ஊர்களில் வாழும் மரைக்காயர் குடும்பங்களின் முன்னோர் காலத்தில் அரபுக் குதிரைகள் மரக்கலங்களில் வந்து இறங்கின என்பதும் வரலாற்று நூல்களில் மட்டுமே எஞ்சியுள்ளது. குதிரை போய்விட்டது; பெயர் நின்றுவிட்டது.

குதிரையோடு சேர்ந்து இன்னொன்றும் நம்மை விட்டுப் போயிற்று. அஞ்சி நடுங்கும் ஓர் உயிரின் நம்பிக்கையை எவ்வாறு மீட்பது என்னும் கல்வி அது. மதீனாவின் தெருக்களிலும் பாக்தாதின் அரச லாயங்களிலும் கெய்ரோவின் மைதானங்களிலும் வளர்ந்த அக்கல்வியைப் பற்றியும், அது நம் கடற்கரைக்கு வந்து சேர்ந்ததா என்பதைப் பற்றியும் இக்கட்டுரையில் சிறிது சிந்திப்போம்.

அச்சமே அதன் இயல்பு

குதிரை வலிமை மிக்க விலங்கு. எனினும் அது வேட்டையாடும் விலங்கன்று, வேட்டையாடப்படும் விலங்கு. அதன் உடலமைப்பு முழுவதும் இதற்கேற்பவே படைக்கப்பட்டுள்ளது. தலையின் இரு பக்கங்களிலும் அமைந்த கண்களால் ஏறத்தாழ 350 பாகை அளவுக்குத் தன்னைச் சுற்றிலும் அது பார்க்கும். நெற்றிக்கு நேர் முன்னே சிறிது இடமும் வாலுக்கு நேர் பின்னே சிறிது இடமும் மட்டுமே அதன் பார்வைக்கு எட்டாதவை. காதுகள் இரண்டும் தனித்தனியே திரும்பும். நின்றபடியே அது கண்ணயரும். ஆபத்து என்று தோன்றிய கணத்திலேயே ஓடிவிட வேண்டும் என்பதுதான் அதன் முதல் அறிவு.

ஓட இடமிருந்தால் ஓடும். கட்டிப் போட்டால் உதைக்கும், கடிக்கும், முன்கால்களைத் தூக்கி எழும். இவற்றைப் பார்த்துவிட்டு ‘முரட்டுக் குதிரை’ என்று பெயர் சூட்டுவது எளிது. ஆனால் அந்த முரட்டுத்தனத்திற்குள் பெரும்பாலும் ஒளிந்திருப்பது பயம். அத்துடன் குதிரைக்கு நினைவாற்றலும் மிகுதி. ஒரு முறை சவுக்கடி பட்ட இடத்தையும், அடித்தவன் கையில் இருந்த பொருளையும், அப்போது கேட்ட ஓசையையும் அது நெடுங்காலம் மறப்பதில்லை. முகத்தில் அடிபட்ட குதிரை, பின்னர் அன்போடு தடவ வரும் கையைக் கண்டும் தலையை வெடுக்கென்று உயர்த்தும்.

அரபு மொழி இக்குறைகளை ஒரே சொல்லால் குறிப்பதில்லை. நடுவழியில் நின்று நகர மறுக்கும் குதிரை ‘ஹரூன்’. கடிவாளத்துக்கு அடங்காமல் பாய்ந்தோடுவது ‘ஜமூஹ்’. முதுகில் ஏறவிடாதது ‘ஷமூஸ்’. எதையேனும் கண்டு வெருண்டு விலகுவது ‘நஃபூர்’. நோய்கள் வெவ்வேறாயின் மருந்தும் வெவ்வேறாகத்தானே இருக்க வேண்டும்? குதிரை ஏன் அப்படி நடக்கிறது என்று உற்றுப் பார்த்த சமுதாயம் ஒன்றுதான் இத்தனை பெயர்களைப் படைத்திருக்க முடியும்.

மதீனாவில் கற்பிக்கப்பட்ட பாடம்

திருக்குர்ஆன் மூச்சிரைக்க விரையும் குதிரைகளின்மீது சத்தியமிட்டு ஓர் அத்தியாயத்தைத் தொடங்குகிறது. குதிரையின் நெற்றி மயிரோடு நன்மை மறுமை நாள்வரை பிணைக்கப்பட்டிருக்கிறது என்னும் கருத்துள்ள நபிமொழி, புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இடம்பெற்றுள்ளது. இவை குதிரையின் சிறப்பைச் சொல்பவை. நாம் இங்கே காண விரும்புவது, விலங்கின் அருகில் சென்றபோது அண்ணல் நபி (ஸல்) அவர்கள் எவ்வாறு நடந்துகொண்டார்கள் என்பதை.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் ஒருமுறை அடங்காத ஒட்டகம் ஒன்றின்மீது ஏறினார்கள். அதை வசப்படுத்த முன்னும் பின்னுமாக விரட்டத் தொடங்கினார்கள். அப்போது நபியவர்கள், மென்மையைக் கைக்கொள்ளுமாறு அவர்களுக்கு அறிவுறுத்தினார்கள். மென்மை எதில் சேர்ந்தாலும் அதை அழகாக்கும், எதிலிருந்து அகற்றப்பட்டாலும் அதைக் குறையுடையதாக்கும் என்னும் கருத்துடைய அந்தப் புகழ்பெற்ற ஹதீஸை நாம் மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். அதன் ஓர் அறிவிப்பு, பழக்கப்படாத ஒரு விலங்கின் முதுகில் நடந்த நிகழ்ச்சியோடு சேர்ந்தே ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. ‘ரிஃப்க்’ என்னும் அம்மென்மை அங்கே பொதுவான நல்லுரையாக மட்டும் சொல்லப்படவில்லை. விலங்கைப் பழக்குவதற்கான செயல்முறை விளக்கமாகவும் அமைந்தது.

அபூதாவூதில் பதிவான மற்றொரு நிகழ்ச்சி இதனினும் நுட்பமானது. அன்ஸாரி ஒருவரின் தோட்டத்துக்குள் நபியவர்கள் நுழைந்தார்கள். அங்கே நின்ற ஒட்டகம் அவர்களைக் கண்டதும் முனகியது; அதன் கண்களில் நீர் வழிந்தது. நபியவர்கள் அதன் அருகே சென்று காதுகளின் பின்புறத்தைத் தடவிக் கொடுத்தார்கள். அது அமைதியடைந்தது. அதன் பின்னரே இதன் உரிமையாளர் யார் என்று வினவினார்கள். முன்வந்த அன்ஸாரி இளைஞரிடம், அதைப் பட்டினி போட்டு ஓயாமல் வேலை வாங்குவதாக அது முறையிடுகிறது என்று கூறி, இறைவனை அஞ்சுமாறு எச்சரித்தார்கள்.

இந்நிகழ்ச்சியின் வரிசையை எண்ணிப் பாருங்கள். முதலில் தடவல், பிறகு அமைதி, பிறகு விசாரணை, அதன் பின்னரே கண்டிப்பு. கண்டிப்பும் விலங்குக்கு அன்று, அதன் உரிமையாளருக்கு. அஞ்சி நிற்கும் உயிரின் பக்கத்தில் நின்று கோபத்தைக் காட்டுவதால் பயனில்லை. அதன் நடுக்கம் தணிவதே முதற்கடமை. குறையின் வேரை விலங்கிடம் தேடுவதற்கு முன் அதை வைத்திருப்பவனிடம் தேட வேண்டும். உயிரினங்களின் முகத்தில் அடிப்பதையும் முகத்தில் சூடு போடுவதையும் நபியவர்கள் தடுத்ததும் இதே நெறியில் அடங்கும். நபியவர்கள் தம் மேலாடையால் குதிரையின் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்ததையும், குதிரைகள் விஷயமாகத் தாம் இரவில் கண்டிக்கப்பட்டதாக அதற்குக் காரணம் சொன்னதையும் இமாம் மாலிக் அவர்களின் முவத்தா பதிவு செய்துள்ளது.

அபூதல்ஹா (ரலி) அவர்களின் குதிரை மெதுவாக நடப்பது என்று பெயர் பெற்றிருந்தது. ஓர் இரவு மதீனாவில் பேரோசை ஒன்று கேட்டு மக்கள் கலங்கினர். அவர்கள் ஓசை வந்த திசை நோக்கிப் புறப்பட்டபோது, நபியவர்கள் சேணமில்லாத அந்தக் குதிரையில் தனியே சென்று பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அஞ்ச வேண்டாம் என்று மக்களுக்கு ஆறுதல் சொன்னார்கள்; குதிரையைக் கடலுக்கு ஒப்பிட்டுப் பாராட்டினார்கள். அதன் பிறகு அக்குதிரையை எதுவும் முந்தியதில்லை என்றும் புகாரியின் ஓர் அறிவிப்பு கூறுகிறது. அதை ஒரு முஃஜிஸாவாகவே நாம் நம்புகிறோம். குதிரைக் கலை அறிந்தோர் அதில் தமக்குரிய பாடம் ஒன்றையும் காண்பர்: ஊரே கலங்கிய இரவில், முதுகில் இருப்பவரின் அமைதி குதிரைக்கும் இறங்கியது.

லாயத்தில் பிறந்த நூல்கள்

இந்த அறிவு இஸ்லாமியரிடம் மட்டும் தோன்றியதன்று. கிறிஸ்துவுக்கு முந்தைய 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க எழுத்தாளர் செனஃபோன், குதிரையேற்றம் பற்றி எழுதிய நூலில் கோபத்தோடு குதிரையை நெருங்கக் கூடாது என்று வற்புறுத்தினார். ஒரு பொருளைக் கண்டு மிரளும் குதிரையை அடித்து அதன் அருகே கொண்டு செல்பவன் அச்சத்தை இரட்டிப்பாக்குகிறான். அடியின் வலிக்கும் அந்தப் பொருளே காரணம் என்று குதிரை எண்ணிக்கொள்ளும் என்பது அவர் தந்த விளக்கம். பயிற்றுபவன் தானே அந்தப் பொருளைத் தொட்டுக் காட்டி, மெல்ல அருகே அழைத்துச் செல்ல வேண்டும் என்றார் அவர்.

அரபியரும் பாரசீகரும் துருக்கியரும் கொண்டுவந்த குதிரை அறிவு, அப்பாஸியரின் காலத்தில் எழுத்தாகத் திரண்டது. ‘ஃபுரூஸிய்யா’ என்று அக்கலைக்குப் பெயர். குதிரையேற்றம், ஆயுதப் பயிற்சி, குதிரைப் பராமரிப்பு, வீரனுக்குரிய ஒழுக்கம் ஆகிய அனைத்தும் அதில் அடங்கும். 892 முதல் 902 வரை ஆண்ட கலீஃபா அல்முஃததிதின் லாயப் பொறுப்பாளராக இருந்த இப்னு அகீ ஹிஸாம், இத்துறையில் நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய அரபு நூல்களுள் ஒன்றை இயற்றினார். புதிதாக ஏற்றம் பயில்பவன் சேணமின்றி வெறும் முதுகில் அமர்ந்தே தொடங்க வேண்டும் என்பது அவர் கொள்கை. சேணமும் அங்கவடியும் இல்லாதபோது, ஏறியவன் தன் உடலைக் கொண்டே சமநிலை காக்கக் கற்கிறான். குதிரையின் ஒவ்வொரு அசைவும் அவன் உடலில் தெரிகிறது. கடிவாளத்தைப் பிடித்துத் தொங்கித் தன்னைக் காத்துக்கொள்பவன் குதிரையின் வாயைப் புண்ணாக்குகிறான். புண்பட்ட வாய் மிரட்சியின் தொடக்கம். ஆகவே மனிதனின் பயிற்சி முதலிலும் குதிரையின் பயிற்சி பிறகும் அமைந்தன.

கெய்ரோவில் மம்லூக் சுல்தான் அந்நாஸிர் முஹம்மத் இப்னு கலாவூன் அரபுக் குதிரைகளின்மீது பெருங்காதல் கொண்டிருந்தார். அவருடைய குதிரை மருத்துவரான அபூபக்ர் இப்னு பத்ர், 14ஆம் நூற்றாண்டில் குதிரை வளர்ப்பையும் மருத்துவத்தையும் இணைத்து விரிவான நூல் ஒன்றை எழுதினார். 1852 முதல் 1860 வரையிலான ஆண்டுகளில் அது பிரெஞ்சு மொழியில் பெயர்க்கப்பட்டு ஐரோப்பியரின் கவனத்தையும் பெற்றது. அவரைப் போன்ற கால்நடை மருத்துவரை அரபியர் ‘பைத்தார்’ என்றனர். கிரேக்கச் சொல் ஒன்றிலிருந்து வந்த பெயர் அது. லாடம் அடிப்பது முதல் நோய் தீர்ப்பது வரை அவருடைய பணி. மூலிகை அறிஞர் இப்னுல் பைத்தார் அவர்களின் பெயரிலும் அத்தொழிலின் அடையாளம் உள்ளது.

அரபு மொழியின் இரண்டு சொற்கள் இக்கல்வியின் ஆழத்தைக் காட்டும். குதிரையைப் பேணுபவன் ‘ஸாயிஸ்’. அதே வேரிலிருந்து பிறந்ததே ஆட்சியையும் அரசியலையும் குறிக்கும் ‘ஸியாஸா’. குதிரைக் குட்டியைப் பழக்குவது ‘ரியாளா’. உள்ளத்தைப் பண்படுத்துவதற்கும் அதுவே சொல். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவின் ஒரு நூலுக்கு ‘ரியாளத்துந் நஃப்ஸ்’ என்று பெயரிட்டார்கள். மனிதனின் குணத்தை மாற்றவே முடியாது என்போருக்கு அதில் மறுமொழி சொல்லும்போது, முரண்டு பிடிக்கும் குதிரையே பயிற்சியால் இணக்கமுடையதாக மாறும்போது மனிதன் மாற மாட்டானா என்று வினவுகிறார்கள். லாயத்தில் கண்ட உண்மை, ஆன்மிக நூலில் சான்றாக நிற்கிறது.

நம்பிக்கை திரும்பும் வழி

மிரண்ட குதிரையைப் பழக்கும் முறை நாட்டுக்கு நாடு சிறிது வேறுபடினும், அதன் அடிப்படை ஒழுங்கு ஏறத்தாழ ஒன்றே. முதலில் வேண்டுவது காலம். அதே ஆள், அதே நேரத்தில், அதே குரலோடு தண்ணீரும் தீவனமும் கொண்டுவர வேண்டும். சில நாட்கள் வேறெதுவும் கேட்கக் கூடாது. இந்த மனிதன் வந்தால் இன்னது நடக்கும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்வதுதான் அஞ்சிய உயிருக்குக் கிடைக்கும் முதல் பாதுகாப்பு.

அடுத்தது நெருங்கும் விதம். நேர் எதிரேயும் நேர் பின்னேயும் குதிரையின் கண்ணுக்குப் புலப்படாத இடங்கள் இருப்பதால், தோளின் பக்கமாக, மெல்லப் பேசிக்கொண்டே செல்ல வேண்டும். அது தலையை உயர்த்தி உடலை இறுக்கும் இடத்தில் நின்றுவிட வேண்டும். அது ஓடத் தொடங்குவதற்கு முன்பே நிற்க வேண்டும் என்பது முக்கியம். அது சற்றே தளர்ந்து, மனிதனை நோக்கி ஒரு காதைத் திருப்பினால், உடனே ஓரடி பின்வாங்க வேண்டும். அப்பின்வாங்கலே அதற்குப் பரிசு. தான் அமைதியாக இருந்தால் நெருக்கடி விலகுகிறது என்று அது கற்றுக்கொள்கிறது. மறுமுறை இன்னும் ஓரடி அருகே விடும்.

தொடும்போது முகத்தில் கைவைக்கக் கூடாது. கழுத்து முதுகோடு சேரும் இடமே தக்க இடம். குதிரைகள் ஒன்றையொன்று நட்போடு கொறித்து வருடிக்கொள்வதும் அங்கேதான். அந்த இடத்தை வருடும்போது குதிரையின் இதயத்துடிப்பு தணிகிறது என்பதை, பிரான்சின் கமார்க் பகுதிக் குதிரைகளைக் கொண்டு நடத்தப்பெற்று 1993இல் வெளியான ஆய்வு காட்டியது. அதன் பின் சேணத்தின் கீழ்விரிப்பை மோந்து பார்க்க விட வேண்டும். முதுகில் வைத்து உடனே எடுக்க வேண்டும். பல முறை இப்படிச் செய்த பிறகே சேணம். அதன் பிறகே சிறிது சிறிதாக மனிதனின் எடை. ஒவ்வொரு நாளும் குதிரை களைப்படையும் முன்னரே, நல்லபடியாக நடந்த ஒரு செயலோடு பாடத்தை முடிக்க வேண்டும்.

இதில் பின்னடைவு உறுதியாக வரும். பத்து நாட்கள் இணங்கி நடந்த குதிரை பதினோராம் நாள் ஒரு துணியின் படபடப்பைக் கேட்டு மீண்டும் பாய்ந்தோடும். பயிற்றுபவன் பொறுமை இழப்பது பெரும்பாலும் அந்த நாளில்தான். அன்று ஓங்கிய ஒரே அடி, பத்து நாள் உழைப்பையும் அழித்து, மனிதனைப் பற்றி அது முன்பு கொண்டிருந்த ஐயம் சரியே என்று மெய்ப்பித்துவிடும். தேர்ந்தவன் அன்று இரண்டு படிகள் கீழே இறங்கி, குதிரைக்கு ஏற்கெனவே தெரிந்த இடத்திலிருந்து மறுபடியும் தொடங்குவான்.

இன்னோர் எச்சரிக்கையும் உண்டு. அடித்துப் பணியவைத்த குதிரையும் அசையாமல் நிற்கும். பார்ப்பவர் அதைப் பழகிய குதிரை என்றே எண்ணுவர். ஆனால் அதன் கண்ணில் ஆர்வம் இராது, காது எதையும் தேடாது, உடல் இறுகியிருக்கும். எதிர்த்தும் பயனில்லை என்று கைவிட்ட அமைதி அது. நம்பிக்கை கொண்ட குதிரையோ தலையைத் தாழ்த்தும், தாடையைத் தளர்த்தும், ஆளைத் தேடித் தானே வரும். இரண்டு அமைதிகளும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல இருப்பினும், ஆபத்து நேரும்போது முன்னது முறிந்துவிடும். பின்னது மனிதனை நோக்கித் திரும்பும்.

காயல் கரையில் எழும் கேள்வி

இத்தகைய கல்வி நிறைந்திருந்த நாடுகளிலிருந்துதான் பாண்டிய நாட்டிற்குக் குதிரைகள் வந்தன. கடல் வழியே குதிரைகள் வந்திறங்கியதைப் பட்டினப்பாலையே பேசுகிறது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவ்வணிகம் உச்சம் தொட்டது. அரபியர் ‘மஃபர்’ என்றழைத்த நம் கடற்கரையின் காயல் துறையில் பாரசீக வளைகுடாவின் மரக்கலங்கள் நங்கூரமிட்டன. கீஷ் தீவின் அதிபர் மலிக்குல் இஸ்லாம் ஜமாலுத்தீன், ஆண்டுதோறும் தம் சொந்தக் குதிரைகளில் 1,400ஐ இங்கே இறக்க ஒப்பந்தம் செய்திருந்ததாகப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதுகிறார். கதீஃப், பஹ்ரைன், ஹுர்முஸ் முதலிய இடங்களிலிருந்தும் குதிரைகள் வந்தன. அதற்கு முந்தைய ஒரு காலத்தில் ஆண்டுக்கு 10,000 குதிரைகள் ஏற்றுமதியாயின என்றும் அவர் குறிக்கிறார். ஜமாலுத்தீனின் சகோதரர் தகியுத்தீன் பாண்டியரின் அமைச்சராகவே விளங்கினார். நம் சமுதாய வரலாற்றில் பெருமையோடு பேசப்படும் காலம் இது.

அதே வஸ்ஸாஃப், பெருமைப்பட முடியாத ஒன்றையும் எழுதிவைத்திருக்கிறார். ஒரு குதிரையின் விலை 220 செம்பொன் தீனார். குதிரை இறந்துபோனாலும் அதன் விலையை அரச கருவூலம் செலுத்திவிட வேண்டும் என்பது ஒப்பந்தம். வந்திறங்கிய குதிரைகளை நாற்பது நாட்கள் லாயத்தில் முளையடித்துக் கயிற்றால் கட்டிக் கொழுக்க வைப்பார்கள். பின்னர் எப்பயிற்சியும் இன்றி, அங்கவடி முதலிய சாதனங்களும் இன்றி, வீரர்கள் மேலேறி வெறிகொண்டு விரட்டுவார்கள். மிக வலிய குதிரைகளும் சில காலத்தில் சோர்ந்து, மந்தமாகி, எதற்கும் உதவாமல் போகும் என்பது அவருடைய வருணனை.

அந்த நாற்பது நாட்கள் நம்மை நிறுத்திச் சிந்திக்க வைக்க வேண்டும். மதீனாவில் நபியவர்கள் குதிரைப் பந்தயம் நடத்தியபோது, பயிற்சி பெற்ற குதிரைகளை ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை ஐந்து அல்லது ஆறு மைல் ஓடவிட்டார்கள். பயிற்சி பெறாதவற்றுக்கு அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை ஒரு மைல் அளவையே எல்லையாக வைத்தார்கள். இப்னு உமர் (ரலி) அவர்களும் கலந்துகொண்ட அந்தப் பந்தயம் புகாரியில் பதிவாகியுள்ளது. ஆயத்தமாகாத உயிரிடம் ஆயத்தமானதன் வேலையைக் கேட்கவில்லை. பந்தயக் குதிரையை முதலில் ஊட்டி வளர்த்து, பின்பு தீவனத்தைப் படிப்படியாகக் குறைத்து, போர்வை போர்த்தி வியர்க்கவிட்டு உரமேற்றும் அந்த ஆயத்தப் பயிற்சிக்கு ‘தள்மீர்’ என்று பெயர். அதன் கால அளவு நாற்பது நாள் என்பர் அரபு அகராதி ஆசிரியர்கள். அங்கே நாற்பது நாள் பயிற்சி. இங்கே நாற்பது நாள் முளைக்கட்டு.

1290களில் இக்கரைக்கு வந்த வெனிஸ் வணிகர் மார்க்கோ போலோவின் கூற்று இன்னும் கசப்பானது. இந்நாட்டு அரசர்கள் ஐவரும் ஆளுக்கு 2,000க்கும் மேற்பட்ட குதிரைகளை ஆண்டுதோறும் வாங்குகின்றனர்; ஆண்டு முடிவில் நூறுகூட எஞ்சுவதில்லை; குதிரையைப் பேணத் தெரிந்த மருத்துவர் இங்கே இல்லை; குதிரை விற்கும் வணிகர்கள் தம் நாட்டு மருத்துவரைக் கொண்டுவருவதுமில்லை, பிறரை வரவிடுவதுமில்லை; குதிரைகள் சாகச் சாகத்தான் வணிகம் நடக்கும் என்பதே காரணம் என்கிறார் அவர்.

இக்கூற்றுகளை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. வஸ்ஸாஃப் பாரசீகத்தில் இருந்துகொண்டு கேள்விப்பட்டதை எழுதியவர். அவருடைய நடை மிகைப்படுத்தலுக்குப் பேர்போனது. மார்க்கோ போலோ தாமே ஒரு வணிகர். துறைமுகங்களில் உலவிய பேச்சைக் கேட்டு எழுதியிருக்கலாம். வெப்பமும் ஈரமும், பழகாத தீவனமும், நீண்ட கடற்பயணத்தின் களைப்பும் குதிரைகளைக் கொன்றிருக்கும். தமிழ் மண்ணுக்கும் தனக்கென்று குதிரை அறிவு இருந்தது. எனினும் ஒருவரையொருவர் சாராத இரு எழுத்தாளர்கள், பேணப்படாமல் குதிரைகள் பெருமளவில் அழிந்தன என்ற ஒரே செய்தியைச் சொல்லும்போது, அதை முற்றாக ஒதுக்கிவிடவும் முடியாது.

நாம் எதிர்கொள்ள வேண்டிய கேள்வி இதுவே. குதிரையைக் கப்பலேற்றி அனுப்பியவர்களின் நாட்டில் பைத்தார் இருந்தார், ஸாயிஸ் இருந்தார், நூல் இருந்தது, எல்லாவற்றுக்கும் மேலாக நபிவழியும் இருந்தது. கப்பலில் குதிரை வந்தது. கல்வி ஏன் வரவில்லை? இறந்த குதிரைக்கும் விலை கிடைக்கும் என்று எழுதப்பட்ட ஒப்பந்தத்தில், உயிரோடிருக்கும் குதிரையின் நலனுக்கு இடம் இருந்ததா? மார்க்கோ போலோ சொன்னதில் பாதியேனும் உண்மையாயின், பட்டினி கிடந்த ஒட்டகத்துக்காக அன்ஸாரி இளைஞரிடம் கேட்கப்பட்ட கேள்வி அந்த வணிகர்களிடமும் கேட்கப்படும். முன்னோரின் பெருமையை நம்முடையதாகக் கொண்டாடும் நாம், அவர்கள் விட்ட குறையையும் நம்முடையதாக எண்ணிப் பார்ப்பதே நேர்மை.

இன்று நம் வீடுகளில்

நம்மில் பெரும்பாலோர் இனிக் குதிரை வளர்க்கப் போவதில்லை. ஆனால் அஞ்சிய உயிர்கள் நம் வீடுகளிலும் இருக்கின்றன. பிரம்புக்குப் பயந்து ஓதும் பாடத்தையே வெறுத்துவிட்ட சிறுவன், ஓங்கிய குரலைக் கேட்டதும் உண்மையை மறைக்கப் பழகிய மகள், எங்கோ புண்பட்டு நம்மிடம் வந்து சேர்ந்த மருமகள், கல்லெறிபட்டுத் தெருவில் ஒடுங்கும் நாய். இவர்களின் மௌனத்தைப் பார்த்து ‘அடங்கிவிட்டது’ என்று நாம் மகிழ்கிறோம். அது எந்த வகை அமைதி என்று கேட்டுப் பார்ப்பதில்லை.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் குதிரையைச் சான்று காட்டியது, மாற்றம் இயலும் என்று சொல்வதற்காக. அது எவ்வாறு இயலும் என்பதையும் அதே குதிரை நமக்குச் சொல்கிறது: ஒரே சீரான நடத்தை, நெருங்குவதற்கு முன் ஓர் ஒலி, அஞ்சும் இடத்தில் ஓர் அடி பின்வாங்கல், பின்னடைவு வந்த நாளில் கையை ஓங்காதிருத்தல். இவை எல்லாம் இரக்க உணர்வினால் மட்டும் வந்துவிடுவன அல்ல, பயில வேண்டியவை. இப்னு அகீ ஹிஸாம் புதியவனின் சேணத்தைக் கழற்றச் சொன்னது போல, பிறரைப் பழக்க முனைபவர் முதலில் தம் சமநிலையைக் கற்றாக வேண்டும்.

அன்று அந்தத் தோட்டத்தில் ஒட்டகத்தின் நடுக்கத்தைத் தணித்த பின்னரே நபியவர்கள் கேள்வியைத் தொடங்கினார்கள். இன்று மாலை நம் வீட்டில் எவரேனும் தவறு செய்துவிட்டு நடுங்கி நின்றால், அந்த வரிசையை ஒருமுறை நினைவுகூர்வோம். அல்லாஹ் நம் கைகளிலும் நாவுகளிலும் அம்மென்மையை வைப்பானாக. நம் பொறுப்பில் விடப்பட்ட ஒவ்வோர் உயிரையும் அமானிதமாகப் பேணும் அறிவைத் தருவானாக. ஆமீன்.